சுருக்குப்பைக் கயிறு

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி பேத்திக்கு,

சென்ற கோடை விடுமுறையில் நீ இங்கே வந்திருந்தபோது, பரணிலிருந்து இறக்கிய மரப்பெட்டியின் அடியில் உன் பூட்டியின் சுருக்குப்பையைக் கண்டெடுத்து, அதன் இரு பக்கத்துக் கயிறுகளையும் ஒருசேர இழுத்து வாயை மூடுவதும், பின் விரல்விட்டு விரித்துத் திறப்பதுமாக ஒரு பகல் முழுவதையும் கழித்தாயே, அந்தப் பை இப்போது என் மேஜைமீது இருக்கிறது. நீ இழுத்த இழுப்பில் ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து போனதற்காக அன்று முகம் வாடி நின்றதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வெற்றிலையையும் பாக்கையும் சில்லறைக் காசுகளையும் காத்து வந்த கயிறு அது. ஆயுள் முடிந்து அறுந்ததே தவிர உன் குற்றம் அதில் ஒன்றுமில்லை. போன வாரம் வந்த உன் கடிதத்தில், "அதே நிறத்தில் நைலான் கயிறு இங்கே கடையில் இருக்கிறது, வாங்கி அனுப்பட்டுமா தாத்தா? இல்லாவிட்டால் பூட்டி அதை எப்படிச் செய்தார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டிருந்தாய். முதல் கேள்விக்கு, வேண்டாம் என்பதே விடை. இரண்டாவது கேள்விக்கு விடையாகத்தான் இந்த நீண்ட கடிதத்தை எழுதுகிறேன்.

எழுத உட்காருமுன் அறுந்த முனையை விளக்கடியில் வைத்து ஊசியால் மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு புரிகள் ஒன்றையொன்று தழுவிக் கிடந்தன. ஒவ்வொரு புரியிலும் பன்னிரண்டு இழைகள் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தனியே எடுத்து, அதன் முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே மெல்ல இழுத்தபோது, அது அறுபடும் ஓசைகூட இல்லாமல் நெகிழ்ந்து இரண்டாகப் பிரிந்து வந்துவிட்டது. பிரிந்த இடத்தில் ஓர் அங்குலத்தை அடுத்த நீளமுள்ள பஞ்சு மயிர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இதை நீ நன்றாகக் கவனிக்க வேண்டும். அவ்வளவு குட்டையான மயிர்கள், பசை இல்லாமல், முடிச்சு இல்லாமல், முழக்கணக்கில் நீளும் நூலாக நிற்கின்றன என்றால் அதற்கு முறுக்கு ஒன்றே ஆதாரம். முறுக்கேறும்போது அவை ஒன்றையொன்று நெருக்குகின்றன. நூலை இழுக்க இழுக்க அந்த நெருக்கம் மிகுகிறது. நெருக்கத்தில் பிறக்கும் உராய்வு அவற்றை வழுக்கிப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. எந்த இழுப்பு நூலைப் பிரிக்க முயல்கிறதோ அந்த இழுப்பினாலேயே நூல் உறுதி பெறுகிறது என்பதை முதன்முதலாக விளங்கிக்கொண்ட நாளில் எனக்கு உண்டான ஆச்சரியம் இன்னும் அடங்கவில்லை.

இந்த வேலைக்குரிய சொற்களையும் நீ தெரிந்துகொள்வது நல்லது. பஞ்சு முறுக்கேறினால் இழை. இழைகள் பல சேர்ந்து முறுக்கேறினால் புரி. புரிகள் இரண்டோ மூன்றோ கூடி எதிர்ப்பக்கம் முறுக்கேறினால் சரடு அல்லது கயிறு. கயிறுகள் கூடிப் பருத்தால் வடம். பிறந்த குழந்தையின் இடுப்பில் கட்டும் அரைஞாண் முதற்கொண்டு, தொட்டிலைத் தாங்கும் கயிறு, மஞ்சளில் நனைத்த தாலிச் சரடு, முப்புரி நூல், உழவு மாட்டின் மூக்கணாங்கயிறு, மாட்டுப் பொங்கலன்று சலங்கை கோத்து அதன் கழுத்தில் கட்டும் குஞ்சக் கயிறு, ஏட்டுச்சுவடியின் துளையில் ஓடிய கயிறு, பேகம்பூர்ப் பெரியவர்கள் தொழுகை முடிந்து உருட்டும் தஸ்பீஹ் மணிகளைக் கோத்த சரடு, தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வடம் வரையில், நம் ஊர் வாழ்க்கையில் முறுக்கிய சரடு புகாத இடமே இல்லை. நூல் என்ற சொல் புத்தகத்துக்கும் பெயரானதைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் பஞ்சையும் நூற்பவரையும் உவமையாக்கி விளக்கியிருக்கிறார். அதை உன் தமிழாசிரியரிடமே கேட்டுக்கொள்.

இனி உபகரணம். இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் ஒரு தக்களி இருக்கும். ஏறக்குறைய 7 அங்குல நீளமுள்ள மெல்லிய இரும்புக் கம்பி. அதன் கீழ்ப்பகுதியில் கம்பிக்குக் கனம் கொடுக்கும் சிறிய பித்தளை வில்லை. மேல் நுனியில் நூலை மாட்டுவதற்கு ஒரு கொக்கி. இவ்வளவுதான் அதன் அங்கங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டால் பம்பரம்போல் சுழன்றுகொண்டு அந்தரத்தில் தொங்கும். 1950-களில் நான் படித்த ஆதாரப் பள்ளியில் நாள்தோறும் ஒரு வகுப்பு தக்களிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் மகாத்மா காந்தி, ஒரு தக்களியை வைத்துக்கொண்டே பருத்தியின் சரித்திரத்தையும் லங்காஷயர் ஆலைகளின் சரித்திரத்தையும் ஆங்கில ஏகாதிபத்தியத்தின் சரித்திரத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடலாம் என்று வாதித்தார். அதை ஒட்டி ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழு வகுத்த திட்டமே ஆதாரக் கல்வி. நம் ஊருக்குத் தெற்கே, சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் அந்தக் கல்வி வேரூன்றிய இடங்களில் ஒன்று. எனக்குத் தக்களி பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் அங்கே சில காலம் இருந்து பயின்றவர். சரித்திரத்தை அவர் எவ்வளவு தூரம் கற்பித்தார் என்பது எனக்கு இப்போது நினைவில்லை. ஆனால் அவர் பிடித்துத் திருத்திய விரல்கள் இன்றும் அப்படியே வளைகின்றன.

தக்களி நூல் நூற்பதற்கு ஏற்பட்ட சாதனம். இழைகளைக் கூட்டிச் சரடாக முறுக்குவதற்கும் அதைவிட எளிதான சாதனம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். இந்தத் தக்களி தொலைந்துபோனால், ஒரு பென்சிலை வட்டமான ரப்பர் மூடி ஒன்றில் குத்திச் செருகி, மேல் நுனியில் வளைத்த கம்பி ஒன்றைக் கட்டிக்கொள். இங்கே என்றால் பூட்டுப் பட்டறை எதிலாவது கேட்டால் ஒரு கம்பித் துண்டைக் கொக்கியாக வளைத்துக் கொடுக்க இரண்டு நிமிஷம் போதும்.

பொட்டலத்தில் சிவப்பு நூல் ஒரு சிட்டமும் மஞ்சள் நூல் ஒரு சிட்டமும் வைத்திருக்கிறேன். சின்னாளப்பட்டியில் சாயம் தோய்த்தவை. இருபதாம் நம்பர் இரட்டைப்புரி நூல். நம்பர் என்றால் என்ன என்று கேட்பாய். 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை நிற்குமோ அத்தனை நம்பர் என்பது ஆலைக்காரர் கணக்கு; ஆகையால் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இரட்டைப்புரி என்றால் அப்படிப்பட்ட இழைகள் இரண்டை ஆலையிலேயே சேர்த்து முறுக்கியது. பைக்கு வேண்டிய கயிறு ஒரு முழம். அதற்கு மூன்று முழ நூல் வேண்டும். பாதி நீளம் மடிப்பிலே போகும். மிச்சத்தில் ஒரு பங்கு முறுக்கிலும் முனை முடிச்சிலும் போகும். நூலில் கஞ்சத்தனம் செய்து குட்டையாக வெட்டிவிட்டு, கடைசியில் கயிறு பையின் வாயைச் சுற்றிவர எட்டாமல் விழித்த பிள்ளைகள் நான் கற்பித்த வகுப்பில் வருஷந்தோறும் நாலைந்து பேராவது இருப்பார்கள்.

சிவப்பு நூலில் மூன்று முழ நீளத்துக்கு ஆறு இழைகள் வெட்டிக்கொள். மஞ்சளிலும் அப்படியே ஆறு. சிவப்பு இழைகளைச் சேர்த்து நடுவில் மடி. அந்த மடிப்புக்குள் மஞ்சள் இழைகளை நுழைத்து அவற்றையும் நடுவில் மடி. இப்போது இரண்டு பேர் கை கோத்து நிற்பதுபோல் இரு நிறங்களும் முடிச்சில்லாமல் நடுவிலே கோத்துக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் பன்னிரண்டு சிவப்பு இழைகள், மறுபக்கம் பன்னிரண்டு மஞ்சள் இழைகள். இரு முனைகளிலும் ஒவ்வொரு முடிச்சுப் போடு. சிவப்பு முனையை வாசல் நிலையில் உன் தலைக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டு. மஞ்சள் முனையைத் தக்களியின் கொக்கியில் மாட்டித் தொங்கவிடு. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். காற்றில் தக்களி ஆடினால் முறுக்கு ஒருசீராக ஏறாது.

இனிச் சுழற்று. எந்தத் திசையில் என்பதைப் பின்னால் சொல்கிறேன். தொடங்கிய திசையைக் கடைசிவரையில் மாற்றக் கூடாது. தக்களியின் வேகம் தளர்ந்து எதிர்ப்பக்கம் திரும்பப் போகிற சமயத்தில் அதைப் பிடித்து மறுபடியும் சொடுக்க வேண்டும். முதலில் இழைகள் தனித்தனியாகத் தெரியும். பிறகு ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு உருண்டு திரண்டு ஒரே உடம்பாகும். தக்களி சிறிது சிறிதாக மேலே ஏறும். பல பிள்ளைகள் இந்த இடத்தில் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். பார்வைக்கு முறுக்கேறிவிட்டதுபோல் இருக்கும்; ஆனால் போதாது. தக்களியைக் கையில் பிடித்து நாலு விரற்கடை உயர்த்தி நூலைச் சற்றே தளர்த்திப் பார். தளர்ந்த இடத்தில் நூல் தானே ஒரு கண்ணியாகச் சுருண்டு கொண்டால் முறுக்கு நிறைந்தது. சும்மா தொய்ந்து தொங்கினால் இன்னும் சுழற்ற வேண்டும். முடிந்த கயிற்றைப் பார்ப்பவர்கள் கண்ணுக்கு இந்த முதல் முறுக்கு தெரியவே தெரியாது. கயிற்றின் ஆயுள் முழுவதும் இதில்தான் இருக்கிறது. என் தாயார் இதற்கு எடுத்துக்கொண்ட சிரத்தையை அந்த அறுந்த முனையில் நேற்று கண்ணாரக் கண்டேன்: அறுபது ஆண்டுகள் கழித்தும் அதன் புரிகள் பிரிய மனமில்லாமல் ஊசியை எதிர்த்து நின்றன.

இதற்குப் பிறகு வருவதுதான் கவனம் மிகவும் வேண்டிய கட்டம். கீழ் முனையைத் தக்களியிலிருந்து கழற்றி, இடக்கையில் இறுகப் பிடித்துக்கொள். ஒரு கணமும் நழுவவிடாதே. முதன்முதல் நான் செய்தபோது, பக்கத்திலிருந்தவன் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி முனையை விட்டுவிட்டேன். அரைமணி நேரப் பிரயாசை முழுவதும் கண்மூடித் திறப்பதற்குள் அங்கங்கே புழுப்போல் சுருண்டு, தன்மேல் தானே சுற்றிக்கொண்டு, சிக்கலாகிவிட்டது. எவ்வளவு முயன்றும் அதைப் பிரிக்க முடியவில்லை. கத்தரித்து எறிய நேர்ந்தது. ஆசிரியர் கோபிக்கவில்லை. "சும்மா விட்டால் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது, பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் இந்தக் கலையின் ரகசியம் முழுவதும் இருக்கிறது என்பது எனக்கு விளங்கப் பல நாள் ஆயிற்று.

கீழ் முனையைப் பிடித்தபடியே, சிவப்பும் மஞ்சளும் கோத்துக்கொள்ளும் நடு இடத்தில் தக்களியின் கொக்கியை மாட்டு. நூல் தளராதபடி இழுத்துக்கொண்டே, உன் கையிலிருக்கும் முனையை ஆணிவரைக்கும் உயர்த்தி, மேல் முனையோடு சேர்த்துப் பிடி. இப்போது சிவப்புப் புரியும் மஞ்சள் புரியும் அருகருகே தொங்கும். அடியில் தக்களி இருக்கும். அதைப் பிடித்திருக்கும் விரல்களை எடுத்துவிடு. யாரும் சுழற்றாமலே தக்களி தானாகச் சுழலும். நீ முன்பு சுழற்றிய திசைக்கு நேர் எதிர்த்திசையில் சுழலும். அது சுழலச் சுழல, அடியிலிருந்து மேல்நோக்கி, சிவப்பும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வரிவரியான கயிறாக விளைந்துகொண்டே வரும். வேகத்தில் சற்று அதிகமாகச் சென்று, பின் திரும்பி, மறுபடி சிறிது சென்று, ஊஞ்சல் நிற்பதுபோல் மெல்ல ஓய்ந்து ஓரிடத்தில் நிற்கும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இதைக் கற்பித்திருக்கிறேன். இன்றும் தக்களி தானே திரும்பிச் சுழலும் கணத்தில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது? முறுக்கேறிய புரி எப்போதும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளவே விரும்பும். ஒரு புரியைத் தனியே விட்டால் தாறுமாறாகச் சுருண்டு சிக்கலாகும். அதுதான் அன்று என் கையில் நடந்தது. ஒரே திசையில் முறுக்கிய இரண்டு புரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவைத்தால், இரண்டும் ஒரே பக்கமாக அவிழ முயல்கின்றன. அடியில் இரண்டும் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால் தனித்தனியே அவிழ முடியாமல், அந்த முயற்சி முழுவதும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்வதிலே செலவாகிறது. சுற்றச் சுற்றப் புரிகளின் முறுக்கு சிறிது தளர்கிறது, கயிற்றின் எதிர்முறுக்கு ஏறுகிறது. இரண்டும் சமனாகும் இடத்தில் தக்களி நிற்கிறது. அதன் பிறகு கயிறு அவிழ வேண்டுமானால் புரிகள் இன்னும் இறுக வேண்டும். புரிகள் தளர வேண்டுமானால் கயிறு இன்னும் இறுக வேண்டும். ஒன்றின் ஆசைக்கு மற்றொன்று தடையாக நிற்பதால் இரண்டும் ஸ்திரப்படுகின்றன. நாம் செய்தது முதல் முறுக்கு மட்டுமே. இரண்டாவது முறுக்கு நூல் தன் சுபாவத்தால் தானே செய்துகொண்டது.

இப்போது திசையைப் பற்றி. ஒரு நூலைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால், முறுக்கின் வரிகள் இடப்பக்கம் கீழேயிருந்து வலப்பக்கம் மேலே ஏறுவது ஒரு வகை. வலப்பக்கம் கீழேயிருந்து இடப்பக்கம் மேலே ஏறுவது மற்றொரு வகை. ஆலைக்காரர்கள் ஆங்கில எழுத்துகளின் நடுக்கோடு சாயும் சாய்வை வைத்து முதலாவதை 'இசட்' முறுக்கு என்றும் இரண்டாவதை 'எஸ்' முறுக்கு என்றும் சொல்வார்கள். நமக்குள் அவற்றை வலமுறுக்கு, இடமுறுக்கு என்றே வைத்துக்கொள்வோம். தொங்கும் தக்களியை, மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் செல்லும் திசையில் சுழற்றினால் வலமுறுக்கு விழும். எதிர்த்திசையில் சுழற்றினால் இடமுறுக்கு. நான் அனுப்பும் நூல் ஆலையில் இரண்டு வலமுறுக்கு இழைகளைச் சேர்த்து இடமுறுக்காகத் திரித்தது. ஆகையால் நீயும் முதலில் இடமுறுக்கே கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு இழையும் இன்னும் இறுகும். அறியாமல் மற்றத் திசையில் சுழற்றினால் ஒவ்வொரு இழையும் உள்ளுக்குள் அவிழ்ந்து, கயிறு பஞ்சு பூத்து, மினுமினுப்பு இல்லாமல், தொட்டால் மெத்தென்று இருக்கும். சில மாதங்களில் தேய்ந்து அறும். புதிய நூல் எதை வாங்கினாலும் ஓர் இழையை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் உருட்டினால் இறுகுகிறது என்று தெரிந்துகொண்ட பின்னரே தொடங்கு. நாட்டு மருந்துக் கடையில் வலம்புரிக்காய் என்று ஒரு காய் விற்பார்கள். ஐந்தாறு நரம்புகளைச் சேர்த்து முறுக்கிவிட்டதுபோல் இருக்கும். அந்தச் செடியின் பட்டை நாரைக் கொண்டு கயிறு திரிப்பதும் உண்டு. காயாகவும் நாராகவும் முறுக்குக்கென்றே பிறந்த செடி அது.

மூன்று புரிக் கயிறு வேண்டுமானால் தனி ஆளாகச் செய்வது சிரமம். மூன்று புரிகளையும் ஒரே திசையில் முறுக்கி, ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, மறு முனைகளை மூன்று ஆணிகளில் தனித்தனியே மாட்டி, பம்பரம் ஒன்றின் உடம்பில் மேலிருந்து கீழாக மூன்று பள்ளங்கள் அராவி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு புரி படியுமாறு வைத்து, சேர்த்துக் கட்டிய முனையிலிருந்து ஆணிகளை நோக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால், பம்பரத்துக்குப் பின்னால் முப்புரிக் கயிறு விளைந்துகொண்டே வரும். அடுத்த விடுமுறையில் நாம் இருவரும் சேர்ந்து செய்வோம்.

கயிறு முடிந்ததும் மேல் முனைகளைச் சேர்த்து ஒரு முடிச்சு; பிறகு கயிற்றைத் தண்ணீரில் நனைத்து, அடியில் சிறு கனம் கட்டி, நிழலில் தொங்கவிட்டு உலர்த்து. பருத்தி நனைந்து உலரும்போது முறுக்கு அதில் படிந்துவிடும். குஞ்சத்துக்குத் தீப்பெட்டியின் அகலமே போதிய அளவு: அதன்மேல் நூலை நாற்பது சுற்றுச் சுற்றி, ஒரு விளிம்பில் இழைகளுக்கு அடியில் நூல் நுழைத்துக் கட்டி, மறு விளிம்பில் கத்தரித்து, தலைக்குக் கீழே கழுத்துப்போல் நாலு சுற்று இறுகச் சுற்றிவிடு. பையின் இரு பக்கமும் இரண்டு குஞ்சங்கள் தொங்கினால்தான் இழுக்கும்போது கைக்குப் பிடி கிடைக்கும். குஞ்சம் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதே.

இந்த வேலை எவ்வளவு பழையது என்பதையும் கேள். மதுரைக்கு அருகே வைகைக் கரையிலுள்ள கீழடியில் தோண்டியபோது தக்களி வில்லைகள் கிடைத்தன. உன் கையில் இருக்கும் இந்தக் கம்பிக்கும் அவற்றுக்கும் தொழில் ஒன்றே. அதையும் மிஞ்சிய பழைமை ஒன்று பிரான்சு தேசத்தில் கிடைத்திருக்கிறது. அங்கே அப்ரி து மராஸ் என்னும் இடத்தில், பூமிக்கடியில் புதைந்து கிடந்த கல்லாயுதம் ஒன்றில், 6 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கயிற்றுத் துணுக்கு ஒட்டியிருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டு 2020-இல் வெளியிட்டார்கள். அதன் வயது 41,000 ஆண்டுகளுக்கும் 52,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. அதைத் திரித்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்கூட அல்லர். நியாண்டர்தால் என்று சொல்லப்படும் வேறு மனித இனத்தார். மரப்பட்டையின் உள் நாரை எடுத்து, மூன்று புரிகளாக இடமுறுக்கு முறுக்கி, மூன்றையும் சேர்த்து வலமுறுக்காகத் திரித்திருந்தார்கள். நீ வாசல் நிலையில் நின்று செய்யப்போவதும் இதே எதிர்முறுக்குத்தான்.

நம் ஊருக்கு நெருக்கமான மற்றொரு செய்தியையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லின் பழைய தொழில்களில் தோல் பதனிடுதல் ஒன்று என்பது உனக்குத் தெரியும். ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, அதற்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். உன் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருப்பதும் அதுவே. அந்தப் புரதத்தின் அமைப்பு என்ன என்று உலகமெங்கும் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இலும் 1955-இலும் வெளியிட்ட கட்டுரைகளில் அது மூன்று புரிச் சரடு என்று காட்டினார்கள். ஒவ்வொரு புரியும் இடமுறுக்கு உடையது. மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று தழுவிச் செல்வது வலமுறுக்கு. தேரிழுக்கும் வடத்தைத் தாங்குகிற அதே எதிர்முறுக்குத் தத்துவம், அந்த வடத்தைப் பிடித்திழுக்கும் கையின் தோலுக்குள்ளும் இருக்கிறது. நான் இதைப் படித்தது பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. முன்பே தெரிந்திருந்தால் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. அதனால்தான் உனக்கு மறக்காமல் எழுதுகிறேன்.

நைலானை வேண்டாம் என்றேனே, அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நைலான் தாழ்ந்த பொருள் என்பது என் எண்ணமன்று. கிணற்று வாளிக்கும் சுமை கட்டுவதற்கும் பருத்தியைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதன் மழமழப்பில் முடிச்சு நிற்பதில்லை. வெட்டிய முனையைத் தீயில் உருக்கி ஒட்டாவிட்டால் பிரிந்துகொண்டே போகும். பையின் மெல்லிய துணியை அராவி அறுத்துவிடும். இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வேடசந்தூர்ச் சாலையில் இரவும் பகலும் நூற்பாலைகள் ஓடுகின்றன. அவற்றின் கதிர்கள் நிமிஷத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல் சுழல்கின்றன. அந்த வேகத்தில் முறுக்கு எங்கே ஏறுகிறது என்று மனிதர் கண்ணால் காண முடியாது. அந்த ஆலைகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். நூலுக்கு நடுவிலே வளர்ந்த அவர்களில் பலர் முறுக்கு என்பதை விரலால் ஒரு முறையும் உணர்ந்ததில்லை. தக்களி முதன்முதலாகத் தானே திரும்பிச் சுழன்றபோது அவர்கள் முகத்தில் நான் கண்ட மலர்ச்சியை நீயும் அடைய வேண்டும் என்பது என் ஆசை.

பொட்டலத்தில் ஒரு சிறு மூங்கில் குச்சியையும் காண்பாய். அதில் நூல் தளராமல் சுற்றியிருக்கும். இரு முனைகளும் குச்சியோடு இறுகக் கட்டப்பட்டிருக்கும். அது நான் நேற்று முதல் முறுக்கு மட்டும் கொடுத்து, மடிக்காமல் நிறுத்தி வைத்த நூல். எந்தப் பக்கம் முறுக்கினேன் என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. முனைகளை நழுவவிடாமல் கழற்றி, உன் அப்பாவை ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நடுவில் தக்களியை மாட்டி மடித்துத் தொங்கவிடு. மேலேயிருந்து குனிந்து பார். அது முதலில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைக் கவனித்து, நான் எந்தப் பக்கம் முறுக்கியிருந்தேன் என்று கண்டுபிடித்து எழுது. பை இங்கேயே இருக்கட்டும். நீ திரித்த கயிறு வந்ததும் கோத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தாத்தா